நெஞ்சு எரிச்சலா, மனச்சோர்வா? மனநலம் பற்றிய வாசகர் கேள்வி - பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சிக்கலைப் பேசுகின்றன. நோய்க்கு வீட்டில் ஒரு பெயர், மருத்துவமனையில் வேறொரு பெயர். நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பவர் நோயாளி. அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. எட்டு மாதமாக நெஞ்சு எரிச்சல், தலைப் பாரம், கை கால் குடைச்சல். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் குறையில்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவர் "மனச்சோர்வு" என்று மாத்திரை எழுதினார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா சீட்டையே கிழித்துவிட்டார். அப்படியானால் அந்த வலியெல்லாம் பொய்யா?

பொய்யே இல்லை. உங்கள் அம்மாவுக்கு நெஞ்சு எரிகிறது என்றால் எரிகிறதுதான். மனச்சோர்வு உலகெங்கும் உடம்பின் வழியாகத்தான் முதலில் வாய் திறக்கிறது. 14 நாடுகளில் பொது மருத்துவரிடம் வந்தவர்களை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உறுதியான 1,146 பேரில் 69 சதவீதத்தினர் மருத்துவரிடம் சொன்னது உடல் தொல்லையை மட்டுமே. ஆனால் மனதைப் பற்றி நேராகக் கேட்டபோதும் "அப்படி ஒன்றும் இல்லை" என்று மறுத்தவர்கள் 11 சதவீதம்தான். அதாவது, கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்க ஆள் இல்லை, அல்லது கேட்ட விதம் சரியில்லை.

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் 1980இல் ஆர்தர் கிளைன்மன் என்ற மருத்துவ மானிடவியலாளர் "நரம்புத் தளர்ச்சி" என்று சீட்டு வைத்திருந்த 100 பேரைச் சோதித்தார். அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு நோயின் அளவுகோல் பொருந்தியது. அந்தச் சமூகத்தில் அப்போது "மனம் சரியில்லை" என்று சொல்வது பல வகையில் ஆபத்து. "நரம்பு தளர்ந்துவிட்டது" என்று சொன்னால் ஓய்வும் இரக்கமும் கிடைக்கும். எந்தச் சொல்லுக்கு உதவி கிடைக்கிறதோ அந்தச் சொல்லில்தான் துன்பம் வெளியே வரும். இதில் நடிப்பு எதுவும் இல்லை. குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டுப் பழகிய மொழி அது.

இனி செய்ய வேண்டியது. முதலில் "மனச்சோர்வு" என்ற சொல்லை வீட்டில் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அதை ஒப்புக்கொள்ள வைப்பது உங்கள் வேலை இல்லை. அம்மா தன் தொல்லையை எந்தப் பெயரால் சொல்கிறாரோ அதே பெயரையே நீங்களும் சொல்லுங்கள். "எரிச்சல் இன்னைக்கு எப்படிம்மா இருக்கு? ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது?" என்று கேட்டால் பதில் வரும். "மனசு எப்படி இருக்கு?" என்றால் கதவு சாத்திக்கொள்ளும்.

அடுத்து ஒரு தாள். இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் ஐந்தே விஷயம் குறியுங்கள்: படுத்த நேரமும் விழித்த நேரமும், எத்தனை வேளை முழுதாகச் சாப்பிட்டார், எரிச்சல் பத்துக்கு எத்தனை, அன்று செய்த வேலை எது, முன்பு விரும்பிச் செய்து இப்போது விட்டுவிட்டது எது. கடைசிக் கட்டம்தான் பொன். அதிகாலை மூன்று மணி விழிப்பும், விரும்பியதில் ஒட்டாமல் போவதும் அந்தத் தாளில் தானாகத் தெரிய வரும். மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலும் கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கிறது. அதில் தூக்கம், சோர்வு, பசி, உடல் மந்தம் அல்லது படபடப்பு என நான்கு கேள்விகள் உடம்பைப் பற்றியவை. மொத்த மதிப்பெண் 27; அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையாகப் பரிசோதிக்க வேண்டும்.

ஸ்கேன் எடுத்தாயிற்று என்பதோடு நிற்காமல் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12 இந்த நான்கும் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். நெஞ்சுத் தொல்லை என்பதால் இ.சி.ஜி.யும் வேண்டும். பெண்கள் சொல்லும் நெஞ்சு வலியை "மனசுதான்" என்று தள்ளிவிட்டு இதய நோயைக் கோட்டை விடும் தவறும் நடக்கிறது.

மாத்திரையை அம்மாவிடம் அறிமுகப்படுத்தும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "தூக்கத்தையும் வலியையும் ஆளும் நரம்பு வழிகள் ஒன்றோடொன்று பின்னியவை, அவற்றைச் சீராக்க உதவும் மருந்து" என்று மருத்துவரையே விளக்கச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. முதல் வாரம் குமட்டல், லேசான படபடப்பு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மாத்திரை குப்பைக்குப் போகும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்; திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் மின்சாரம் தொட்டது போன்ற அதிர்வும் வந்து, "பார், மருந்தால்தான் கெட்டேன்" என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார்.

ஒன்று மறக்க வேண்டாம். கிளைன்மன் கண்டவர்களில் பலருக்கு மருந்தால் அறிகுறி குறைந்தது. ஆனால் வேலையிடத்திலும் வீட்டிலும் இருந்த நெருக்கடி அப்படியே இருந்ததால் வாழ்க்கை அந்த அளவுக்கு நிமிரவில்லை. எட்டு மாதத்துக்கு முன் உங்கள் வீட்டில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: மனநோய் என்பதே அந்தந்தக் காலத்து மருத்துவர்கள் வைக்கும் முத்திரைதானே? பட்டியல் அடிக்கடி மாறுகிறதே?

மாறுகிறது, வெட்கப்படும்படியாகவும் மாறியிருக்கிறது. 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று எழுதிப் பெயரும் வைத்தார். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான். உலக சுகாதார அமைப்பு 1990இல். ஒரே நோயாளியின் காணொளியை இரு நாட்டு மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டிய ஓர் ஆய்வில் (1971), அமெரிக்கர்களில் 69 சதவீதம் பேர் "மனச்சிதைவு" (ஸ்கிசோஃப்ரீனியா) என்றார்கள். பிரிட்டிஷ்காரர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 சதவீதம். அதன்பிறகுதான் அளவுகோல்களை எழுத்தில் இறுக்கினார்கள்.

ஆனால் இதை வைத்து நோயே கற்பனை என்று முடிவு கட்டுவது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் துரோகம். தூங்காமல் ஐந்து நாள் ஓடிக்கொண்டிருப்பவருக்கும், சாப்பாட்டில் விஷம் என்று பட்டினி கிடப்பவருக்கும் எந்த நாட்டில் எந்தப் பெயர் வைத்தாலும் துன்பம் துன்பம்தான். முத்திரையின் மேல் சந்தேகம் வையுங்கள். ஆளின் வேதனை மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: தம்பிக்கு 22 வயது. நான்கு மாதமாக யாரோ பேசுவது கேட்கிறது என்கிறான். பெரியவர்கள் தெய்வ வாக்கு என்கிறார்கள், வழிபாட்டிடத்தில் தங்க வைக்கச் சொல்கிறார்கள். நான் மருத்துவமனை என்கிறேன். வீடே இரண்டாகிவிட்டது.

குரல் கேட்பது எல்லாமே நோய் அல்ல. அண்மையில் இறந்தவரின் குரலைக் கேட்பதும், அருகில் இருப்பதாக உணர்வதும் துக்கத்தில் இயல்பு. வழிபாட்டின்போது சில நொடி கேட்டு, மனம் நிறைந்து, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகிறவருக்கு மருந்து தேவையில்லை.

தம்பியிடம் கவனிக்க வேண்டியவை வேறு. குரல் அவரைத் திட்டுகிறதா, மிரட்டுகிறதா, "இதைச் செய்" என்று ஏவுகிறதா? தூக்கம் போயிற்றா? குளிப்பது, சாப்பிடுவது, படிப்பு, நண்பர்கள் என ஒவ்வொன்றாக உதிர்கிறதா? வீட்டாரையே சந்தேகிக்கிறாரா? உங்கள் சமூகத்தில் பக்தி மிகுந்தவர்களே "இது நாம் அறிந்த வாக்கு போல இல்லை" என்கிறார்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். எது வழக்கமான இறை அனுபவம், எது அதற்கு வெளியே என்பதை அந்த நம்பிக்கைக்குள் இருப்பவரே சரியாகப் பிரித்தறிவார். மேலே சொன்னவற்றில் இரண்டு மூன்று பொருந்தினாலே இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஏவும் குரல் என்றால் இன்றே. சிகிச்சை இல்லாமல் கழியும் மாதங்கள் கூடக் கூட மீள்வது கடினமாகிறது.

குரல் என்ன பேசுகிறது என்பதில்கூடப் பண்பாட்டின் கை இருக்கிறது. டான்யா லூர்மன் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவும் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று இடங்களில் இடத்துக்கு 20 பேராக, மனச்சிதைவு உள்ளவர்களிடம் பேசினார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாத, வன்முறையான குரல். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பலருக்கு உறவினர்களின் குரல்: வேலையைப் பார், குளி என்று அதட்டும் குரல். எனவே "எந்தக் குரல்? தெரிந்தவர் குரலா? என்ன சொல்கிறது? நீ பதில் சொல்வாயா?" என்று தம்பியிடம் அமைதியாகக் கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மறுக்காதீர்கள். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது" என்பது போதும்.

வழிபாடா மருத்துவமா என்ற சண்டையை விடுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. கானாவிலும் நைஜீரியாவிலும் சமய, மரபு வைத்தியர்களும் ஆரம்ப சுகாதார ஊழியர்களும் கைகோத்துக் கவனித்த 307 பேரின் ஆய்வு 2020இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் கூட்டுக் கவனிப்பில் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. அதே கானாவில் ஒரு பிரார்த்தனை முகாமில் 139 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வும் (2018) உண்டு. மருந்து சேர்த்ததில் அறிகுறி குறைந்தது. ஆனால் அவர்கள் சங்கிலியில் கழித்த நாட்கள் குறையவில்லை. மருந்து மட்டும் போய்ச் சேர்ந்தால் நடைமுறை மாறிவிடாது என்பதை இது காட்டுகிறது.

ஆகவே பெரியவர்களிடம் நான்கு நிபந்தனையோடு பேசுங்கள். கட்டி வைக்கக் கூடாது. அடி, சூடு எதுவும் கூடாது. சாப்பாடும் தண்ணீரும் மறுக்கக் கூடாது. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. இந்த நான்குக்கும் சம்மதம் என்றால் வழிபாட்டுக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள், கூடவே வீட்டார் ஒருவர் இருங்கள். ஒன்றுக்கு மறுப்பு வந்தாலும் அன்றே அழைத்து வந்துவிடுங்கள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கணவருக்கு மனச்சிதைவு. மருந்தில் நன்றாக இருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் அக்கறையோடு சொல்லிக்கொண்டே இருப்போம். அதனால்தான் மறுபடி வருகிறது என்று செவிலியர் சொன்னபோது மனசு விட்டுப்போயிற்று. நாங்களா காரணம்?

நோய் வந்ததற்கு நீங்கள் காரணமே அல்ல. அதை முதலில் மனதில் இருத்துங்கள். செவிலியர் சொல்ல வந்தது, நோய் திரும்பி வருவதைப் பற்றியது.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருக்குப் பின்னர் வான், லெஃப் என்ற ஆய்வாளர்களும் 1960களிலும் 70களிலும் இதைத்தான் அளந்தார்கள். வீட்டார் பேச்சில் குறை கூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய கவலை மூன்றையும் எண்ணினார்கள். பேச்சின் சூடு குறைவாக இருந்த வீடுகளில் ஒன்பது மாதத்தில் நோய் திரும்பியது 13 சதவீதம் பேருக்கு. சூடு மிகுந்த வீடுகளில் 51 சதவீதம். அந்த வீடுகளிலும், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்துக்கொண்டு, மருந்தும் இல்லாமல் இருந்தவர்களுக்கு 92 சதவீதம். 1976இல் வந்த கணக்கு இது.

இதிலும் பண்பாடு நுழைகிறது. அமெரிக்காவில் வெள்ளையர் குடும்பங்களையும் மெக்சிகோ வழிவந்த குடும்பங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் (2004). வெள்ளையர் வீட்டில் நோயைத் திரும்ப அழைத்தது குறை கூறல். மெக்சிகோ வழியினர் வீட்டில் குறை கூறலைவிடப் பரிவின் குறைவுதான் நோயைத் திருப்பியது. பரிவு இருந்த இடத்தில் நோய் விலகியே நின்றது. கூட்டமாக வாழும், சத்தமாகப் பேசும் குடும்பம் என்பதாலேயே தீங்கு என்று எந்த ஊழியரும் சொல்லக் கூடாது. அளவுகோல் ஒரு ஊரில் செய்தது, எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது.

வீட்டில் மாற்றிப் பார்க்க எளிய இடம் வாக்கியம்தான். "எப்பப் பாத்தாலும் படுத்தே கிடக்கீங்க" என்பது ஆளைக் குறை சொல்கிறது. "பத்து மணிக்கு எழுந்து என்னோட கொஞ்சம் நடந்தா எனக்கு நல்லா இருக்கும்" என்பது ஒரு செயலைக் கேட்கிறது. இரண்டாவதில் "எப்பவும்" இல்லை, நேரம் இருக்கிறது, உங்கள் உணர்வு இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேளுங்கள். மாத்திரை போட்டாயிற்றா என்று நான்கு பேர் கேட்காமல் ஒருவர் மட்டும், நாளுக்கு ஒரு முறை கேட்கட்டும். படுத்தே கிடப்பது, பேச்சில் ஒட்டாமல் இருப்பது ஆகியவை பெரும்பாலும் நோயின் மந்த அறிகுறி. சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்வதால்தான் வீட்டில் வார்த்தை தடிக்கிறது. ஒருவருக்கொருவர் வாரத்தில் சில மணி நேரமாவது தனியே இருக்க இடம் கொடுங்கள். அவர் பகலில் ஒரு வேலைக்கோ பயிற்சிக்கோ போய் வந்தால் அந்த 35 மணி நேரக் கணக்கு தானாகக் குறையும். உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கேள்வி: இருதுருவ மனநிலை நோய்க்கு லித்தியம் எடுக்கிறேன். ஒரு மாதம் நோன்பு இருக்க ஆசை. மருத்துவரிடம் கேட்டால் திட்டுவாரோ என்று பயம்.

திட்டினாலும் கேட்டுவிடுங்கள், இது உயிர் விஷயம். லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். நீண்டகாலப் பராமரிப்பில் வழக்கமான அளவு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். 1.5ஐத் தாண்டினால் நச்சு. இடைவெளி அவ்வளவு குறுகியது.

நோன்புக்குச் சில வாரம் முன்பே போய், "இருந்தால் என்ன ஏற்பாடு, இருக்கக் கூடாது என்றால் ஏன்" என்று கேளுங்கள். கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். நேரம் தவறினால் எண்ணுக்குப் பொருளில்லை. சிலருக்கு வேளையை மாற்றிக் கொடுத்து, நோன்புக்கு முன்பும் இடையிலும் அளவு பார்த்து அனுமதிப்பார்கள். சிலருக்கு, குறிப்பாக வெயில் காலத்திலும் சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கும், அனுமதிக்க மாட்டார்கள். பல மதங்களில் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் சமயப் பெரியவரிடம் அதையும் கேட்கலாம். மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு இருப்பதுதான் மிக மோசமான வழி.

கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குழறல் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நோன்புத் தலைவலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போடாதீர்கள்; அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

கேள்வி: படித்த மருத்துவரே இல்லாமல் சாதாரண ஆட்கள் மனநலச் சிகிச்சை தருவதாகப் படித்தேன். ஆபத்தில்லையா?

நீங்கள் படித்தது ஜிம்பாப்வேயின் "நட்பு பெஞ்ச்" பற்றியதாக இருக்கும். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயில் 14 பாட்டிமாருடன் தொடங்கினார். பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்பார்கள். முதலில் அதற்கு "மனநல பெஞ்ச்" என்று பெயர். யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டிமார்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்று ஒரு சொல். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். மனச்சோர்வு என்று சொல்லாமல் அந்தச் சொல்லில் பேசினார்கள். 573 பேர் பங்கேற்ற சோதனையின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதத்துக்குப் பின் மனச்சோர்வு அறிகுறி நீடித்தது பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 49.9 சதவீதம் பேருக்கு.

நடப்பது இதுதான். உள்ளூர் மொழியில் செய்த 14 கேள்விப் பட்டியலை முதலில் கேட்கிறார்கள். பிறகு ஆறு சந்திப்பு. வந்தவர் தன் பிரச்சினைகளை எல்லாம் கொட்டுகிறார். பாட்டி குறுக்கே பேசுவதில்லை. அதில் ஒன்றை வந்தவரே தேர்ந்தெடுக்கிறார். அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு படி முடிவாகிறது: யாரை, எந்த நாளில், எங்கே பார்ப்பது என்ற அளவுக்குத் துல்லியமாக. அடுத்த சந்திப்பில் என்ன ஆயிற்று என்று பார்த்து, ஆகாவிட்டால் படியை இன்னும் சிறிதாக்குகிறார்கள்.

ஆபத்து எங்கே என்று கேட்டீர்கள். கேட்பவர் அறிவுரை சொல்லத் தொடங்கும்போது முறை உடைகிறது. இதுதான் அடிக்கடி நடப்பது. "கடன்" போன்ற பெரிய பிரச்சினையை உடைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டாம் வாரம் ஆள் வரமாட்டார். மேற்பார்வை இல்லாவிட்டால் கேட்பவரே சோர்ந்துபோவார். தற்கொலை எண்ணமோ குரல் கேட்பதோ தெரிந்தால் மேலே அனுப்ப ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். அந்த வழி இல்லாத இடத்தில் பெஞ்சை நகலெடுப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

கேள்வி: அண்ணன் வேலை போனதிலிருந்து எரிந்து விழுகிறார், குடி கூடிவிட்டது. அழுதே பார்த்ததில்லை. இது மனச்சோர்வா, திமிரா?

ஆண் அழக் கூடாது என்று வளர்த்த வீட்டில் சோகம் கோபமாகத்தான் வெளிவரும். குடி, வேகமாக வண்டி ஓட்டுவது, எதிலும் சண்டை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். உலக அளவில் தற்கொலையால் இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களைப் போல் இரு மடங்குக்கு மேல். உதவி கேட்டு வருவது மட்டும் அவர்கள் குறைவு.

எதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள். பக்கத்தில் நடந்தபடியோ ஏதாவது பழுது பார்த்தபடியோ பேசினால் வாய் திறப்பார். "வேலை போனதுலருந்து சாகலாம்னு தோணியிருக்காண்ணே?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. கேட்டது பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிக்கொல்லி, மிச்ச மாத்திரை போன்றவற்றை அன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள், அன்றே மருத்துவரிடம் சேருங்கள். உந்துதல் பெரும்பாலும் குறுகிய நேரமே இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளுக்குப் படிப்படியாகத் தடை வந்த பின், 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் இறங்கியது.

கேள்வி: "இது சர்க்கரை நோய் மாதிரி, மூளையில் ரசாயனக் குறை" என்று சொன்னால் ஊர் ஏசுவது நிற்கும் என்கிறார்கள். சொல்லலாமா?

பாதிதான் பலிக்கும். அப்படி விளக்கினால் "இவன் செய்த தப்பு" என்ற பழி குறைகிறது. ஆனால் "மூளையே இப்படி என்றால் இனி மாறாது" என்ற அவநம்பிக்கை கூடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது இது. ரசாயனக் குறை என்ற விளக்கமே மிக எளிமையானது என்பதும் உண்மை. பார்வையை மாற்றுவது நேரடிப் பழக்கம்: நோய் வந்து மீண்டு, வேலை பார்த்துக்கொண்டிருப்பவரோடு சரிசமமாகப் பழகுவது. எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நெருக்கடி வந்தால் ஓடி வரக்கூடிய இருவரிடம் மட்டும், என்ன அறிகுறி, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதோடு சொல்லுங்கள்.

கேள்வி: வேற்று மொழி பேசும் நாட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு மனநல மருத்துவரிடம் நான்தான் மொழிபெயர்க்கிறேன். எனக்கு 15 வயது. சில கேள்விகளை அம்மாவிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் நியாயமானது, கண்ணு. இந்த வேலையை உன்னிடம் கொடுத்திருக்கவே கூடாது. உன் முன்னால் அம்மா சாக நினைத்ததையோ அப்பா அடித்ததையோ சொல்ல மாட்டார். நீயும் பயத்தில் சிலவற்றை விட்டுவிடுவாய். "எனக்கு 18 வயதாகவில்லை, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது" என்று முன்பதிவு செய்யும்போதே சொல். பல நாடுகளில் மருத்துவமனையே ஏற்பாடு செய்து தரும். நேரில் ஆள் இல்லாவிட்டால் தொலைபேசி வழியாவது கிடைக்கும். வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் கேட்டு வாங்கு.

உங்கள் ஊரையோ சொந்தத்தையோ சேர்ந்தவர் வந்தால் அம்மா வாயைத் திறக்க மாட்டார். அப்படியானால் வேறு ஆள் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் மருத்துவரிடம் முன்கூட்டி ஐந்து நிமிடம் பேசட்டும். மருத்துவர் அம்மாவைப் பார்த்துத்தான் பேச வேண்டும், ஒரு நேரத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. "நெஞ்சு அடைக்குது", "உசிரே இல்லை", "மனசு விட்டுப்போச்சு" மாதிரிச் சொற்களை மாற்றாமல் அம்மா சொன்னபடியே சொல்லி, பிறகு பொருள் விளக்க வேண்டும். "நெஞ்சு அடைக்குது" என்பது மாரடைப்பாகக் குறிக்கப்பட்டு ஆள் தவறான பிரிவுக்குப் போவதும், "உசிரே இல்லை" என்பது தற்கொலைப் பேச்சாகப் பதிவாவதும் இப்படித்தான் நேரும்.

மனநோய்களைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டில் பண்பாட்டுப் பின்னணியை அறிய 16 கேள்விகள் உண்டு. உங்கள் தொல்லையை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள், ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், எது அதைக் கூட்டுகிறது, இதுவரை எந்த உதவியை நாடினீர்கள் என்கிற வகைக் கேள்விகள். அம்மாவின் மருத்துவர் இவற்றைக் கேட்கவில்லை என்றால் கேட்கச் சொல்லலாம். அது உங்கள் உரிமை. உனக்கு ஒரு வேலை மட்டும் மிச்சம்: அம்மா எந்தச் சொற்களை அடிக்கடி சொல்கிறார் என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதி, அதை மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய் உட்கார்ந்துகொள்.